ஃபியோ: டேட்டாபேஸ் டிஸ்க்கை எடை போட நல்ல தராசு, படிக்கத் தெரிந்தால்

டர்பனில் மசாலாக் கடை பில்லிங் சர்வரானாலும் சாட்ஸ்வர்த்தில் கணக்காளர் அலுவலக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸானாலும், எஸ்எஸ்டி வாங்கும்போது எல்லார் கண்ணும் போவது பெட்டியில் அச்சடித்த ‘நொடிக்கு 7000 எம்பி’ மீதுதான். அது பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும் வேகம். டேட்டாபேஸ் வேலை வேறு: சின்னச் சின்னப் பக்கங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடும், ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றத்தை நிரந்தரமாகப் பதியும்போதும்) ‘டிஸ்க்கில் இறங்கிவிட்டதா’ என்று காத்து நிற்கும். இந்த இரண்டையும் அளக்க ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோதான் (fio) சரியான கருவி. இலவசம். லினக்ஸில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். 5-க்கு 4 கொடுக்கலாம்.

அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது? தப்பாக ஓட்டினாலும் அழகான எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ஐஓடெப்த்தை (iodepth: ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் கொடுத்துவைக்கும் வேலைகளின் எண்ணிக்கை) 32 என்று வைத்து, ஐஓஎன்ஜினை (ioengine: அவற்றை அனுப்பும் முறை) மாற்றாமல் விட்டால், லினக்ஸில் பிசிங்க் (psync) என்ற முறை ஓடும். அதற்கு ஒரு நேரத்தில் ஒரே வேலைதான். முடிவின் கடைசிப் பகுதியில் ‘ஐஓ டெப்த்ஸ்: 1=100.0%’ என்றிருந்தால் உங்கள் 32 வீண். ஐஓஎன்ஜினுக்கு லிப்ஏஐஓ (libaio) கொடுங்கள். டைரக்ட்=1 (direct=1: ரேமில் இருக்கும் நகலைத் தவிர்த்து நேராக டிஸ்க்குக்குப் போவது) வேண்டும்; இல்லாவிட்டால் டிஸ்க்கை விட்டு ரேமை அளந்துகொண்டிருப்பீர்கள். பிளாக் அளவு போஸ்ட்கிரெஸுக்கு 8 கேபி, மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபிக்கு 16 கேபி.

கமிட் சோதனை தனி. ஒரே ஜாப், வரிசையாக எழுதுதல், எஃப்டேட்டாசிங்க்=1 (fdatasync: ஒவ்வொரு முறை எழுதியதும் அது டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருப்பது), ஐஓஎன்ஜின் சிங்க் (sync), 60 நொடி. முடிவில் மேலே இருக்கும் ‘கிளாட்’ (clat: எழுதும் கட்டளைக்கு மட்டும் ஆன நேரம்) வரியைப் பார்த்து மகிழ வேண்டாம். கீழே ‘சிங்க்’ என்று தனியாக வரும் சதமானங்களில் 99-ஐப் பாருங்கள்; நூற்றில் 99 தடவை காத்திருப்பு அந்த நேரத்துக்குள் முடிந்தது என்று பொருள். அலகையும் பாருங்கள்: ஒரு வரி நானோநொடியில் இருக்கும், அடுத்தது மைக்ரோநொடிக்குத் தாவியிருக்கும். மின்சாரம் போனாலும் எழுதி முடிக்க மின்தேக்கி வைத்த சர்வர் எஸ்எஸ்டியில் இது சில பத்து மைக்ரோநொடி. சாதாரண லேப்டாப் எஸ்எஸ்டியில் மில்லிநொடிக் கணக்குக்குப் போய்விடும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும், ஆகவே நொடிக்குச் சுமார் 120 கமிட்தான். ஆயிரக்கணக்கில் காட்டினால் நடுவில் ஏதோ ஒரு கேஷ் (தற்காலிக நினைவகம்) ‘எழுதியாச்சு’ என்று முன்கூட்டியே தலையாட்டுகிறது.

கேப் டவுனில் இருக்கும் அமேசான் கிளவுடில் சோதிப்பவர்களுக்கு: ஜிபி3 (gp3) வகை வால்யூம், அதாவது கிளவுட் டிஸ்க், அடிப்படையில் நொடிக்கு 3000 ஐஓதான் (படித்தல், எழுதுதல்), எண் அங்கேயே முட்டி நிற்கும். சிறிய ஜிபி2 (gp2) வால்யூம், சேர்த்துவைத்த கிரெடிட் தீரும்வரை சுமார் அரை மணி நேரம் 3000-ஐக் காட்டிவிட்டு அப்புறம் படுத்துவிடும். ஒரு நிமிடச் சோதனையில் இது தெரியாது.

எழுதும் சோதனையில் ஃபைல்நேம் இடத்தில் டிஸ்க்கையே நேராகக் கொடுக்காதீர்கள். மவுண்ட் ஆகாத டிஸ்க் என்றால் ஒரு வார்த்தை கேட்காமல் மேலெழுதிவிடும்.

லோட் ஷெட்டிங்கில் யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்து சர்வர் சட்டென்று அணைந்தால் எழுதியது மிஞ்சுமா என்பதை, வேகத்தை அளக்கும் இந்தச் சோதனைகள் சொல்லாது. அதற்கு டிஸ்க்செக்கர் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கிறது: எழுதியதை இரண்டாவது கணினியில் குறித்துவைத்து, நடுவில் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி இயக்கி ஒப்பிட வேண்டும். யுபிஎஸ் வழியாக அல்ல, சர்வரின் முதுகிலிருந்தே பிடுங்குங்கள்.