டாமியின் பின்கால் பட்டை: ஐந்து மாதப் பழக்கத்தில் கண்டது

டாமி லாப்ரடார். இந்தத் தையோடு அவனுக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க நான்கு படிகள். போன ஆடியில் ஒருநாள் விடிகாலையில் மேல்படியில் வந்து நின்றவன் இறங்கவில்லை. ஒரு முன்காலைக் கீழ்ப்படியில் வைப்பான், உடனே எடுத்துக்கொள்வான், என் முகத்தைப் பார்ப்பான். அடக்க முடியாமல் அங்கேயே சிறுநீர் போய்விட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அதைப் பார்த்துவிட்டு எனக்கு அன்றைக்கு தையல் மெஷினில் உட்கார மனம் வரவில்லை.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. எடை 38 கிலோ. ரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே மெலாக்சிகாம் என்ற வலி மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். வாந்தியோ கறுப்பாக மலமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். அதோடு எடையைக் குறைக்கச் சொன்னார்கள்.

படிக்கு என்ன வழி என்று தேடியபோதுதான் ஆன்லைனில் இந்தப் பட்டையை 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். பின்னங்கால்களுக்கு முன்னால், வயிற்றுக்கு அடியில் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டி, மேலே உள்ள இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொள்ள வேண்டும். நாம் நாயைத் தூக்குவதில்லை. பின்பக்கத்துப் பாரத்தில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். முதல் நாள் இது தெரியாமல் தூக்கிவிட்டேன், பின்கால் இரண்டும் அந்தரத்தில் நின்றன, பயந்துபோனான். மறுநாள் நாடா விறைப்பாக நிற்கும் அளவுக்கு மட்டும் பிடித்தேன். ஒவ்வொரு படியாக, நான்கு படியையும் தானே இறங்கினான். வேப்பமரத்தடியை மோந்து பார்த்து, பழைய மாதிரி அங்கேயே காலைக்கடன் முடித்தான். அதற்காகவே கொடுத்த காசு தகும்.

இனி தையல்காரியாகப் பார்க்கிறேன். கைப்பிடி நாடா துணியோடு சேரும் இடத்தில் சதுரமாக அடித்து, குறுக்கே எக்ஸ் போட்டிருக்கிறார்கள். நல்ல வேலை, இதுவரை ஒரு நூல் விடவில்லை. குறை ஓரத்தில்தான். விளிம்பு நாடாவாக நைலான் பைப்பிங் அடித்திருக்கிறார்கள், மடிப்பு கெட்டியாக நிற்கிறது. நாலாம் நாள் தொடை இடுக்கில் சிவந்துவிட்டது. அங்கே முடியும் குறைவு, தோலும் மெல்லியது. பைப்பிங்கைப் பிரித்துவிட்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டித் துணியை அகலமாக மடித்து அடித்தேன். ஒரு வாரத்தில் புண் ஆறியது. இன்னொன்று, ஆண் நாய்க்கு வாங்குபவர்கள் அடிப்பக்கம் வளைவாக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். என் பட்டை நேராக இருந்ததால் சிறுநீர் அதிலேயே பட்டது. நடுவில் மூன்று அங்குலத்துக்கு வளைத்து வெட்டிக்கொண்டேன்.

கைப்பிடியும் குட்டை. குனிந்தே பிடித்ததில் இரண்டே நாளில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பை தைக்கிற நாடா வாங்கி ஒவ்வொரு பக்கமும் ஒன்பது அங்குலம் நீட்டினேன். வெல்க்ரோவில் முடி அடைத்தால் பிடிப்பு போய்விடுகிறது. பழைய பல் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்து எடுக்கிறேன். உள்ளே ஸ்பாஞ்ச் இருப்பதால் துவைத்தால் காய ஒரு நாள் முழுக்க ஆகிறது, ஐப்பசி மழையில் இரண்டு நாள்.

இதைப் போட்டால் மூட்டுவலி குணமாகும் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். தேய்ந்த மூட்டு திரும்பி வளராது. வலியைக் குறைப்பது மருந்தும் எடைக்குறைப்பும்தான். சோற்றைக் குறைத்து, அளந்து போட்டு, ஐந்து மாதத்தில் 34 கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். பட்டை செய்வது, அவன் நடையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. நடக்காவிட்டால் தொடைச் சதை வற்றும், சதை வற்றினால் மூட்டில் பாரம் இன்னும் கூடும். வீட்டுக்குள் வழுக்கும் டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரித்த பிறகு அங்கே பட்டையே தேவைப்படவில்லை. நாள் முழுக்க மாட்டியும் வைக்காதீர்கள். எழுப்பவும், படி ஏறி இறங்கவும், வெளியே போகவும் மட்டும் போதும்.

அப்புறம் ஒன்று. வலியில் முனகுகிறதே என்று வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். பக்கத்துத் தெருவில் ஒருவர் அன்பாகத்தான் எனக்கு அந்த யோசனையைச் சொன்னார்.

ஓரத்தைப் பிரித்துத் தைக்கத் தெரிந்தவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம். தெரியாதவர்கள் பருத்தி உள்துணி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், கூட 300 ரூபாய் ஆனாலும் சரி. மழைக்காலத்து மாற்றுக்கு இரண்டாவது பட்டையை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று டேப் வைத்து அளந்தேன். ஆவணியில் 32 அங்குலம் இருந்த வயிற்றுச் சுற்று இப்போது 29.