இடி மேல் பழி போட்டு விற்ற அடைமுட்டை

நாட்டுக்கோழி அடைமுட்டை, சேவல் சேர்ந்தது என்று சொல்லி ஒன்று 30 ரூபாய்க்கு விற்றார்கள். 12 வாங்கி, அடைக்கு உட்காரக் கேறிக்கொண்டிருந்த (கொக்கரித்துத் திரிந்த) சிறுவிடைக் கோழிக்கு, அதாவது சின்ன ரக நாட்டுக்கோழிக்கு, வைத்தாயிற்று. ஏழாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்பது வெறும் கண்ணாடி. இரண்டில் ரத்த வளையம். ஒன்றே ஒன்றில்தான் சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடியிருந்தது. விற்றவரைக் கேட்டால், "நடுவுல இடி இடிச்சுதுல்ல, அதான் கலங்கிடுச்சு" என்கிறார். விடாமல் கேட்டதற்கு, "கோழி ஒழுங்கா உக்காந்திருக்காது." இந்த இரண்டு பதிலைக் கேட்டுத்தான் பலர் வாயை மூடிக்கொண்டு அடுத்த ஈட்டுக்கும் அதே ஆளிடம் போகிறார்கள்.

தப்பு யார் பக்கம் என்று முட்டையை உடைத்தாலே தெரிந்துவிடும். கண்ணாடியாகத் தெரிந்த ஒன்றை வெள்ளைத் தட்டில் உடைத்ததில் மஞ்சள் கரு முழுசாக இருந்தது. அதன் மேல் கடுகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஓரமெல்லாம் பிசிறு. சேவல் சேராத முட்டை இப்படித்தான் இருக்கும். சேவல் சேர்ந்திருந்தால், அடை வைக்காத முட்டையிலேயே அந்தப் புள்ளி 3, 4 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். ஏழு நாள் கோழிச் சூட்டில் கிடந்தும் புள்ளி புள்ளியாகவே நிற்கிறது என்றால் அங்கே கரு என்று ஒன்று இல்லை. இல்லாத கருவை எந்த இடி கலைக்கும்?

ரத்த வளையம் வேறு கதை. கரு பிடித்து, முதல் சில நாளில் செத்திருக்கிறது. முட்டை பழசு, பிரிட்ஜில் இருந்தது, வெயிலில் வண்டியில் குலுங்கி வந்தது, பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்று. இதில் வாங்கியவர் பங்கும் இருக்கலாம். 18 நாள் தாண்டி முழுக்குஞ்சாக ஓட்டுக்குள் செத்துக் கிடந்தால் முதலில் கோழியையும் கூட்டையும் சந்தேகப்பட வேண்டும்: பேன் தொல்லையில் எழுந்து எழுந்து போயிருக்கும், அல்லது கூடு காய்ந்து ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு குஞ்சோடு ஒட்டியிருக்கும்.

இனி அந்த ஒன்பது. சமையல் தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் 53 முதல் 56 கிராம். மீதி மூன்று 40 கிராம் பக்கம். சிறுவிடை முட்டை 35 முதல் 45 கிராமுக்குள்தான் நிற்கும். அதாவது மூன்று நிஜ முட்டையோடு ஒன்பது லேயர் முட்டையைக் கலந்திருக்கிறார்கள். முட்டைக்கோழிப் பண்ணைக் கூண்டில் சேவலே கிடையாது, கரு எங்கிருந்து வரும்? வெள்ளை ஓட்டுக்கு டீ டிகாக்‌ஷன் சாயம். கூட்டில் ஈர வைக்கோல் பட்ட இடம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது, ஓட்டின் நுண்துளைகளில் சாயம் இறங்கிக் கரும்புள்ளிகளாக நின்றது. (எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இயற்கையான பழுப்பும் புளிப்புக்குக் கரைந்து வரும். நல்ல முட்டை விற்றவரோடு சண்டை போட்டதுதான் மிச்சமாகும்.) சாயத்தில் முக்கி எடுக்கும்போது ஓட்டின் மேல் இருக்கும் காப்புப் படலமும் போய்விடும். கிருமி உள்ளே போக வழி திறந்தாயிற்று. அப்படிப்பட்ட கூமுட்டை 21 நாளும் கிடந்தால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம், வெடித்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல முட்டையும் கெடும். அடைமுட்டையைக் கழுவக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான். சாணி அப்பியிருப்பதை வைக்காமல் ஒதுக்கிவிடலாம்.

வாங்கும் இடத்தில் முதலில் சேவலைக் காட்டச் சொல்ல வேண்டும். எட்டு, பத்து பெட்டைக்கு ஒன்றாவது இருக்கணும். முட்டை மேல் வியர்த்திருந்தால் பிரிட்ஜிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. செல்போன் டார்ச்சை அகன்ற முனையில் வைத்துக் காற்றறையைப் பாருங்கள். புது முட்டையில் அது 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. இட்டு ஏழு நாளுக்குள் அடை வைத்துவிட வேண்டும், கோடையில் மூன்று நான்கு நாளே அதிகம். வீட்டுக்கு வந்ததும் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் கோழிக்கு வையுங்கள். சின்னக் கோழிக்கு 10, 12 போதும்.

முட்டையோடு "அடைக்கோழி"யும் சேர்த்து விற்பார்கள். அதை வாங்கவே வேண்டாம். சாக்கில் கட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து, புது இடத்தில் விட்டால் பாதிக் கோழிக்கு அடை தெளிந்துவிடும். நம் கோழியாக இருந்தாலும், கேறுகிறது என்றவுடனே நல்ல முட்டையை வைக்காமல் இரண்டு ராத்திரி போலி முட்டையில் உட்கார வைத்துப் பார்க்கலாம். வயிற்றடியில் கை விட்டால் இறகு உதிர்ந்து தோல் சுடணும், கோழி சிலிர்த்துக்கொண்டு தட்டையாக அமுங்கணும். கூடையில் மணல், அதன் மேல் வைக்கோல், நடுவில் கொஞ்சம் குழி. சாம்பலில் புரள இடம், தினம் ஒரு தடவை எழுந்து தின்ன கம்பும் தண்ணீரும். இடிக்குப் பயந்து இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைக்கும் வீடுகளும் உண்டு. வைத்தால் கெடுதல் இல்லை, லேயர் முட்டைக்கு அது உயிர் கொடுக்காது.

ஏழாம் நாள் குட்டு வெளிப்பட்டால் கூமுட்டைகளை எடுத்துவிட்டுப் புது முட்டையைக் கலந்து வைக்கத் தோன்றும். முந்தி வைத்தது பொரித்தவுடன் கோழி அந்தக் குஞ்சோடு இறங்கிப் போய்விடும், மற்றதெல்லாம் பாதியில் குளிர்ந்து சாகும். தேறிய ஒன்றோடு போலி முட்டைகளை வைத்து உட்காரவிட்டு, 21-ஆம் நாள் ராத்திரி இருட்டில், பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை வெளியில் வாங்கி இறக்கைக்குள் நுழைத்துவிடலாம். விடியும்போது பெரும்பாலும் சேர்த்துக்கொண்டிருக்கும், இருந்தாலும் கொத்துகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்கணும்.

விற்பவர் தானாகவே ஒரு முட்டையை உடைத்துக் காட்டினால் அது அந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தட்டிலேயே பெரிதாக இருப்பதை நாமே பொறுக்கி எடுத்து, "இதை உடைங்க, இதுக்கும் 30 ரூபாய் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். கை பின்வாங்கினால் கிளம்பி வந்துவிடலாம்.