ஸ்டாஃபோர்டா, புடாபெஸ்டா?

ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே எனக்கும் தங்கச்சி மாப்பிள்ளைக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும். கறுப்பு வந்தால் எந்த வில்லங்கமான ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்களை, ஆடுவது? அதை ஆடித் தோற்றவர் அன்று சாயங்காலம் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

மாப்பிள்ளை ஸ்டாஃபோர்டு கேம்பிட் கட்சி. கேம்பிட் என்றால் ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயைப் பலிகொடுத்துத் தாக்குவது. (எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் போர்டில் ஒரு கட்டம்; முதலில் வெள்ளை மூவ், அடுத்து கறுப்பு.) இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டியதும் கறுப்பு இன்னொரு குதிரையை சி6-ல் வைக்கும். அதையும் வெட்டினால் டி சிப்பாயால் திருப்பி வெட்டு. ஒரு சிப்பாய் நஷ்டம்தான், ஆனால் இரண்டு பிஷப்புக்கும் வழி திறந்துவிடும். வெள்ளை டி3, கறுப்பு பிஷப் சி5. இந்த இடத்தில் வெள்ளை பிஷப்பை ஜி5-க்கு நீட்டினால், கறுப்புக் குதிரை ராணியை அம்போவென விட்டுவிட்டு இ4-ஐ வெட்டும். ராணியை எடுத்தால் எஃப்2-ல் பிஷப் செக், ராஜா இ2, அடுத்த பிஷப் ஜி4, மேட். எட்டே மூவ்!

சரி, எதிராளிக்கு இது தெரிந்திருந்தால்? கால் தரையில் எட்டாத ஒரு பொடிப்பயல் ஜி5 பக்கமே போகாமல் பிஷப்பை இ2-ல் வைத்து, சி3, டி4 என்று நிதானமாக ஏற்றினான். மாப்பிள்ளைக்குச் சிப்பாயும் போச்சு, தாக்குதலும் போச்சு.

டி4-க்கு உடனே இ5 தள்ளும் எங்லண்ட் கேம்பிட் இதைவிட மோசம். பி2-ல் நம் ராணி வந்து நிற்கும்போது வெள்ளை தன் பிஷப்பை சி3-ல் வைத்தால் செத்தது. குதிரையை வைத்தால் நாம் காலி. மூன்று நிமிட ஆன்லைன் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் புடாபெஸ்ட் கேம்பிட் கட்சி. டி4 குதிரை எஃப்6, சி4 இ5. வெள்ளை வெட்டும், நம் குதிரை ஜி4 போய், கொடுத்த சிப்பாயை அநேகமாகத் திரும்ப வாங்கிவிடும். இதிலும் பொறி உண்டு: வெள்ளை ஏ3 சிப்பாயால் விரட்டும் நம் பிஷப்பைப் பேராசையில் வெட்டினால் டி3-ல் நம் குதிரை வைத்து மேட். இ2 சிப்பாய் நகர்ந்தால் நம் ராணி ராஜாவுக்குச் செக் வைக்கும் என்று கட்டுப்பட்டு நிற்பதால் அந்தக் குதிரையைத் தொட முடியாது. பொறியில் விழாவிட்டாலும் வெள்ளைக்கு மிஞ்சும் லாபம் இரண்டு பிஷப்பும் கையில் இருப்பது மட்டுமே. 1918-ல் பெர்லினில் அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் ரூபின்ஸ்டைனையே விட்மர் இதை வைத்துச் சாய்த்தார். ஒரே குறை, சி4 வந்தால்தான் இது ஆடமுடியும். சி4 இல்லாமல் பிஷப்பை எஃப்4-ல் வைக்கும் லண்டன் ஓப்பனிங் ஆடுகிறவர்களிடம் பருப்பு வேகாது.

வெள்ளை வந்தால் இருவருக்கும் சண்டையில்லை, இரண்டாவது மூவிலேயே எஃப் சிப்பாயைக் கொடுக்கும் கிங்ஸ் கேம்பிட்தான். 1960-ல், பின்னாளில் இருவருமே உலக சாம்பியன்களான ஸ்பாஸ்கியும் ஃபிஷரும் மோதியபோது, ஸ்பாஸ்கி இதில் ஃபிஷரை வென்றார். அந்த ஓப்பனிங்கே தோற்ற ஓப்பனிங் என்று மறு வருடம் ஃபிஷர் கட்டுரை எழுதினார். தோற்ற கடுப்பு என்பது மாப்பிள்ளையின் தீர்ப்பு.

கணக்குப்படி அவர் எனக்கு இரண்டு டம்ளர் பருத்திப்பால் பாக்கி. போன வாரம் லண்டன் ஆடிய ஒரு தாத்தாவிடம் வேறு வழியில்லாமல் எங்லண்டை எடுத்து நான் தோற்றதைக் கழித்தால் ஒன்று.