நீதிபதிகளின் குரலிலேயே கேட்கலாம்: ஓயெஸ் ஒலிப்பதிவுத் தளம்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. டிவி செய்தியில் நாம் பார்ப்பதெல்லாம் வாசலில் நிற்கும் கூட்டமும் ஓவியர் வரைந்த படமும்தான். ஆனால் உள்ளே நடக்கும் வாதங்கள் 1955 அக்டோபரிலிருந்து ஒலிப்பதிவாகி வருகின்றன. அந்தப் பதிவுகளைத் திரட்டி, எழுத்து வடிவத்தோடு இணைத்து, காசு வாங்காமல் கேட்கக் கொடுக்கும் தளம்தான் ஓயெஸ். ஜெர்ரி கோல்ட்மன் என்ற பேராசிரியர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தொடங்கியது. இப்போது கார்னெல் சட்டத் தகவல் நிறுவனம், ஜஸ்டியா, சிகாகோ-கென்ட் சட்டக் கல்லூரி மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஒஹாயோவில் பிரசவ வார்டு நர்ஸ். 2022 ஜூன் 24 அன்று காலையில், கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை அல்ல என்று சொன்ன டாப்ஸ் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது; அன்று மாலைக்குள்ளேயே எங்கள் மாநிலத்தில் சுமார் ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்புக்குத் தடை அமலுக்கு வந்துவிட்டது. செப்டம்பரில் சின்சினாட்டியில் ஒரு நீதிபதி அந்தத் தடையை நிறுத்தி வைத்தார். 2023 நவம்பரில் வாக்காளர்களே மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி உரிமையை எழுதி வைத்தார்கள். ஒன்றரை வருடத்துக்குள் ஒரே விஷயம் இத்தனை கை மாறியது. முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி பாடப்புத்தகத்தில் இருக்கும்வரை எனக்கு அது அதிகாரப் பிரிவினை என்ற ஒரு தலைப்புதான். படுக்கையில் இருக்கும் பெண் "இப்போ என்ன செய்யலாம், சிஸ்டர்?" என்று கேட்கும்போது அது வேறு. அதனால்தான் மூல வாதங்களைத் தேடிப் போனேன்.

தளத்தைப் பயன்படுத்துவது எளிது. வழக்கின் பெயரைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும்: என்ன நடந்தது, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன, முடிவு என்ன, எந்த நீதிபதி எந்தப் பக்கம். ஆடியோவைப் போட்டால் பேசுபவரின் படம் வரும், பேச்சின் எழுத்து வடிவம் கூடவே நகரும். வேண்டிய வரியைத் தொட்டு அங்கிருந்து கேட்கலாம். ஒன்பது நீதிபதிகள் குறுக்கே குறுக்கே பேசும் இடத்தில், யார் குரல் என்று அடையாளம் காட்டும் இந்த வசதி இல்லாவிட்டால் என்னால் ஒரு வழக்கைக்கூட முழுதாகக் கேட்டிருக்க முடியாது.

முதலில் ரோ எதிர் வேட், கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக்கிய வழக்கு. 1971 டிசம்பர் 13. பழைய டேப், சற்றே கரகரப்பு. அன்று மேடையில் ஏழு பேர்தான். இரண்டு இடங்கள் காலி. அந்த உரிமைக்காக வாதாடிய சாரா வெடிங்டனுக்கு வயது 26. எதிர்த்து நின்ற டெக்சாஸ் அரசு வக்கீல், இரண்டு அழகான பெண்களோடு வாதாட வந்தால் கடைசி வார்த்தை அவர்களுடையதாகத்தான் இருக்கும் என்று ஒரு பழைய ஜோக்கோடு ஆரம்பிக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. அந்த மௌனத்தை எந்தப் புத்தகத்தில் படித்தாலும் புரியாது, காதால் கேட்க வேண்டும்.

ஆனால் என்னை நிறுத்தியது இன்னொரு இடம். இந்த உரிமை அரசியல் சாசனத்தில் எங்கே இருக்கிறது என்று நீதிபதிகள் கேட்கிறார்கள். உரிய சட்ட நடைமுறைப் பிரிவு, சமப் பாதுகாப்புப் பிரிவு, ஒன்பதாம் திருத்தம், இன்னும் பல என்று வெடிங்டன் அடுக்குகிறார். பொருந்தக்கூடிய வேறு எதுவும்கூடவா என்று நீதிபதி ஸ்டூவர்ட் கேட்க, ஆமாம் என்கிறார். பின்னால் ஐம்பது வருடம் நடந்த சண்டைக்கான விதை அந்தச் சிறு உரையாடலில் இருக்கிறது. 1973 ஜனவரி 22-ல் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தபோது, எதிர்த்து எழுதிய நீதிபதி வைட்டின் குற்றச்சாட்டே இதுதான்: மக்கள் பிரதிநிதிகள் முடிவு செய்ய வேண்டியதை நீதிமன்றம் தன் அதிகாரத்தால் எடுத்துக்கொண்டது. எனக்கு வைட்டோடு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் கேள்வி நியாயமான கேள்வி என்பதை அந்தப் பழைய டேப்தான் எனக்கு ஒப்புக்கொள்ள வைத்தது.

இந்தத் தளத்தில் கிடைக்கும் மிகப் பெரிய பலன், வழக்குகளை வரிசையாகக் கேட்டால் தெரியும். 1989 ஏப்ரலில் வெப்ஸ்டர் என்ற இன்னொரு கருக்கலைப்பு வழக்கு. மத்திய அரசின் சார்பில் சார்ல்ஸ் ஃப்ரீட் எழுந்து, ரோ தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று கேட்கிறார். அந்தரங்க உரிமை என்ற முழுத் துணியையும் பிரிக்கச் சொல்லவில்லை, இந்த ஒரு நூலை மட்டும் உருவச் சொல்கிறோம் என்கிறார். பதில் சொல்ல வந்த ஃபிராங்க் சஸ்மன், என் அனுபவத்தில் நூலை இழுத்தால் சட்டைக் கையே கழன்று விழுந்துவிடுகிறது என்றார். 1992-ல் அதே விஷயம் மறுபடி வந்த கேஸி வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் கென்னத் ஸ்டாரும் அதே பக்கம்தான். அடுத்து 2021 டிசம்பர் 1, டாப்ஸ். மத்திய அரசின் அதே இடத்தில் நின்று எலிசபெத் ப்ரெலோகர் ரோவைக் காப்பாற்றுங்கள் என்கிறார். அரசு ஒன்றுதான், பதவி ஒன்றுதான். வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் வாதம் தலைகீழாகிறது. நீதிமன்றத்தின் வாசலுக்கு நிர்வாகம் வந்து நின்று கேட்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது என்பதும் அதே இடத்தில் தெரிகிறது.

டாப்ஸ் வாதம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அரசியல் சாசனம் இந்த விஷயத்தில் மௌனமாக இருக்கிறது, ஆகவே நடுநிலை. மாநில மக்களோ, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோ முடிவு செய்யட்டும் என்ற வாதத்தை நீதிபதி கேவனா எடுத்து வைக்கிறார். சாசனத்தைப் படிப்பதே வெறும் அரசியல் என்று மக்கள் நினைத்துவிட்டால் அந்த நாற்றத்தில் இந்த நீதிமன்றம் பிழைக்குமா என்று நீதிபதி சோட்டோமயோர் கேட்கிறார். எழுத்தில் இந்த வரி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. குரலில் கேட்கும்போது அவர் எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார் என்பது தெரியும். காங்கிரஸ் முடிவு செய்யட்டும் என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. 2022 மே 11 அன்று செனட்டில் கருக்கலைப்பு உரிமை மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 60 வாக்கு தேவைப்பட்டது, கிடைத்தது 49. ஜூலையில் பிரதிநிதிகள் சபை அதே மாதிரி மசோதாவை மறுபடி நிறைவேற்றியும் செனட்டில் அது நகரவில்லை.

ஒரு பெரிய குறை டாப்ஸ் பக்கத்தில் உண்டு, அது தளத்தின் தவறு அல்ல. தீர்ப்பை எழுதிய நீதிபதி மேடையிலிருந்து சுருக்கம் வாசிப்பதும், கடுமையாக மாறுபடுபவர் சில சமயம் தன் எதிர்ப்பையும் வாசிப்பதும் வழக்கம். கொரோனா காலத்தில் அந்த வழக்கத்தை நீதிமன்றம் நிறுத்தி வைத்திருந்தது. டாப்ஸ் தீர்ப்பு இணையத்தில் கோப்பாக மட்டுமே வெளியானது. அரை நூற்றாண்டு உரிமையை எடுத்துக்கொண்ட அந்தக் காலையில் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோவின் குரலும் இல்லை, மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் குரலும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நர்ஸாக எனக்கு மிகவும் நெருக்கமானது 2024 ஏப்ரல் 24-ல் வாதத்துக்கு வந்த ஐடஹோ மாநில வழக்கு, மொய்ல் எதிர் அமெரிக்கா. அவசர சிகிச்சை தேவைப்படுபவரை மருத்துவமனை நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறது 1986-ன் மத்திய சட்டம். ஐடஹோ சட்டமோ, மருத்துவக் காரணம் என்றால் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்பு என்கிறது. பதினெட்டு வாரத்தில் பனிக்குடம் உடைந்து வரும் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை பிழைக்காது என்று அவளுக்கும் தெரியும். காய்ச்சல் ஏறுகிறதா, நாடித்துடிப்பு கூடுகிறதா, அடிவயிற்றைத் தொட்டால் வலிக்கிறதா என்று மணிக்கு மணி பார்த்துக்கொண்டே இருப்போம். நோய்த்தொற்று வந்துவிட்டால் அது கருப்பையைத் தாண்டி இரத்தத்தில் கலக்க நேரம் பிடிக்காது. இப்படிப்பட்ட நிலைமைகளை சோட்டோமயோர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இதற்கு அனுமதி உண்டா என்று கேட்கிறார். ஐடஹோ வக்கீல் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நழுவுகிறார். உங்கள் நிபுணரே இவை அடங்கும் என்று சொன்னாரே, எனக்கு அதிர்ச்சியாக இருக்கிறது என்று பேரட் குறுக்கிடுகிறார். ட்ரம்ப் நியமித்த நீதிபதி அவர். அந்தப் பகுதியை என் வார்டு தோழிகளுக்கு அனுப்பினேன்.

கடைசியில் நீதிமன்றம் அந்த வழக்கைத் தீர்க்காமலே ஜூன் 27-ல் திருப்பி அனுப்பிவிட்டது. 2025 மார்ச்சில் புதிய நிர்வாகம் ஐடஹோ மீதான மத்திய அரசின் வழக்கையே கைவிட்டது. வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் வாதம் மாறும் அதே கதை மறுபடியும்.

கருக்கலைப்பு மாத்திரை வழக்கையும் விடக்கூடாது. 2000-ல் உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்த மிஃபெப்ரிஸ்டோனை எதிர்த்து, அதை எழுதிக் கொடுக்காத மருத்துவர்கள் தொடுத்தது. உங்களுக்கு என்ன பாதிப்பு, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்பதிலேயே வாதத்தின் பெரும்பகுதி போகிறது. முதலில் சலிப்பாகத்தான் இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள். பாதிக்கப்படாதவர் கொண்டுவரும் கொள்கைச் சண்டையில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்ற எல்லைக்கோடு அங்கேதான் தெளிவாக விழுகிறது. 2024 ஜூன் 13-ல், அந்த மருத்துவர்களுக்கு வழக்குத் தொடுக்கத் தகுதி இல்லை என்று ஒன்பது பேரும் ஒரே முடிவு சொன்னார்கள்.

தளத்தின் வழக்குச் சுருக்கங்கள் மிகவும் சின்னவை. மாறுபட்ட தீர்ப்புகளில் உள்ள வாதத்தை அவற்றிலிருந்து பிடிக்க முடியாது, தீர்ப்பைத் தனியாகப் படித்தாக வேண்டும். இங்கிலீஷ் தடுமாறுபவர்கள் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், எழுத்து கூடவே வருவதால் சமாளிக்கலாம். பள்ளியில் அமெரிக்க அரசியலமைப்பு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் டாப்ஸில் தொடங்க வேண்டாம். வெப்ஸ்டரை முதலில் போடுங்கள், என் மகளுக்கு அதுதான் பிடித்தது.

2022-க்குப் பிறகு சண்டையின் பெரும்பங்கு மாநில நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. உச்ச நீதிமன்றத்துக்கென்றே உருவான தளம் என்பதால் எங்கள் ஊர் சங்கதிக்கு ஓயெஸ் போதாது. ஒஹாயோ உச்ச நீதிமன்ற வாதங்களை ஒஹாயோ சேனல் வீடியோவாகவே நேரலையில் தருகிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.