வெஸ்பாவா, லாம்பிரட்டாவா: பழைய இத்தாலிய ஸ்கூட்டர் வாங்கிப் பிரித்து மாட்ட நினைப்பவர்களுக்கு

பழைய இத்தாலிய வண்டி ஒன்றை வாங்கி, நம் கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால், நம் ஊரில் கைக்கெட்டுவது இரண்டு வம்சங்கள்தான். டுகாட்டி, மோட்டோ குஸ்ஸி ஆகியவற்றின் பழைய மாடல்கள் இங்கே கண்ணில் படுவதே அரிது. வெஸ்பாவும் லாம்பிரட்டாவும் மட்டும் எந்தத் தெருவிலாவது தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

வெஸ்பா 1946-இல் பொன்டெடெராவில் பியாஜியோ ஆலையில் பிறந்தது. அதை வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், ஹெலிகாப்டர் செய்தவர். விமானத்தைப் போலவே தகட்டு உடம்பையே எலும்பாகவும் ஆக்கிவிட்டார். தனியாகச் சட்டகம் கிடையாது. லாம்பிரட்டா அடுத்த ஆண்டு மிலானின் லாம்பிராத்தே பகுதியில் வந்தது. அதன் முதலாளி ஃபெர்தினாண்டோ இன்னொசென்டி எஃகுக் குழாய்த் தொழிலில் வளர்ந்தவர். அவர் வண்டியின் முதுகெலும்பும் ஒரு தடித்த குழாய்தான். இந்த இரண்டு பேரின் பழக்கம்தான் இன்றைக்கும் நம் பட்டறையில் செலவைத் தீர்மானிக்கிறது.

முதலில் துரு. வெஸ்பாவில் கால் வைக்கும் தளம், அதன் அடியில் ஓடும் பெட்டி போன்ற தாங்கிகள், பிரேக் பெடல் இருக்கும் மூலை ஆகியவை உள்ளிருந்தே அரிக்கும். அது வெளித் தகடு மட்டுமல்ல, வண்டியின் பலமே அதுதான். வெட்டி எடுத்து, கோணம் பிசகாமல் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யத் தெரிந்த டிங்கர் வேண்டும். அவசரக்காரர் பட்டி போட்டு மூடிவிடுவார். லாம்பிரட்டாவில் தளமும் முன்புறத் தகடும் போல்ட்டில் நிற்பவை. அழுகினால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். அங்கே பார்க்க வேண்டியது குழாய் வளைந்திருக்கிறதா என்பதை. முன்னால் இடி வாங்கிய வண்டியில் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்காது, பக்க மூடிகள் இடைவெளி விட்டு உட்காரும்.

எஞ்சினுக்கு வந்தால் கதை இன்னும் விரியும். 1950-களின் கடைசியிலிருந்து வந்த வெஸ்பாக்களிலும், அதே வார்ப்பில் இங்கே வந்த பஜாஜ் 150-யிலும், கார்பரேட்டர் கலவை நேராகக் கிராங்க் சுழலும் எஞ்சின் பெட்டிக்குள், அதாவது கிராங்க் கேஸுக்குள் இறங்குகிறது. சுழலும் கிராங்கின் விளிம்பே அந்த வாயைத் திறந்து மூடும். கிராங்க் பேரிங்குக்கு ஆயில் நேரடியாகக் கிடைப்பதால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மில்லி ஆயில் கலந்தால் போதும். லாம்பிரட்டாவில் பிஸ்டன்தான் அந்த வாயைத் திறக்கிறது. அதற்கு 40 மில்லி கேட்கும், புகையும் கூடுதல். ஓட்டும்போது வெஸ்பா பக்கமே நியாயம். ஆனால் ஒரு மணல் துகளோ உடைந்த பேரிங் துணுக்கோ உள்ளே போய், கிராங்க் உரசிச் செல்லும் அந்தப் பரப்பில் கீறல் விழுந்தால், வெஸ்பாவின் கேஸே கெட்டது. வெல்டு போட்டு இழைக்கத் தெரிந்த லேத்துக்காரரைத் தேட வேண்டும். லாம்பிரட்டாவில் அதே விபத்து பெரும்பாலும் சிலிண்டரோடு முடியும்; சிலிண்டரை அகலக் கடைந்து (ரீபோர்) சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் ஓடும்.

கியர் துள்ளி நியூட்ரலுக்கு வருவது இரண்டுக்கும் வரும் முதுமை நோய். கியர்களைப் பிடிக்கும் சிறு துண்டின் கைகள் தேய்ந்துபோவதே காரணம். வெஸ்பாவில் எஞ்சினை இறக்குவது சுலபம்: நீள போல்ட் ஒன்று, ஷாக் அப்சார்பர் போல்ட் ஒன்று, சில கேபிள்கள். ஆனால் இறக்கிய பிறகு கேஸை இரண்டாகப் பிளந்தே ஆக வேண்டும். லாம்பிரட்டாவில் எஞ்சின் சட்டகத்திலேயே இருக்கட்டும். இடது பக்க மூடியைத் திறந்து, கிளட்ச், செயின், பின்தட்டு என்று வரிசையாக எடுத்தால் கியர்கள் கைக்கு வந்துவிடும். மூடும்போது முதல் கியருக்கும் தட்டுக்கும் நடுவே 0.07 முதல் 0.30 மி.மீ. வரை இடைவெளி இருக்கும்படி வாஷர் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்து அந்த அளவு சரியாக வந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எஞ்சின் என்றால் என்ன என்று புரிந்தது அன்றுதான்.

லாம்பிரட்டாவின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். பின் ஹப், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகம், கூம்பு வடிவ அச்சில் உட்காருகிறது. நட் சரியாக இறுகாவிட்டால் ஹப் ஆடி ஆடி அச்சையும் தின்றுவிடும். பூட்டுத் தகட்டை மடக்காமல் ஒரு பட்டறையில் விட்டதால் எனக்கு இரண்டும் போயிற்று. அன்றிலிருந்து அந்த நட்டை நானேதான் இறுக்குகிறேன். செயின் டென்ஷனரும் கவனம் கேட்கும். வெஸ்பாவில் செயினே இல்லை.

பஞ்சர் என்றால் வெஸ்பாதான். முன் சக்கரத்தை ஒரு பக்கம் மட்டுமே பிடித்திருப்பதால் கார் போலக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டலாம். லாம்பிரட்டாவில் அச்சைத் தளர்த்த வேண்டும்.

உதிரி பாகத்தில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. பஜாஜ் 1971 வரை வெஸ்பா உரிமத்தில் தயாரித்தது, பிறகு சேத்தக் என்ற சொந்தப் பெயரில். லாம்பிரட்டாவை மும்பையில் ஏ.பி.ஐ. (ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா) செய்தது. இன்னொசென்டி நிறுவனம் ஸ்கூட்டரை நிறுத்தியபோது அதன் இயந்திரங்களே விலைக்கு வாங்கப்பட்டு லக்னோவுக்கு வந்தன. 1972-இல் தொடங்கிய அரசு நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியா அவற்றைக் கொண்டு விஜய் சூப்பர் செய்தது. ஐரோப்பாவில் லாம்பிரட்டா புதுப்பிப்பவர்கள் இந்தியப் பாகங்களை வரவழைப்பது அதனால்தான். எண்ணிக்கையில் மிகுந்தது பஜாஜ் என்பதால், சென்னை புதுப்பேட்டையில் அதன் சாமான் தேடுவது எளிது. லாம்பிரட்டாவுக்குப் பொறுமை வேண்டும், ஆள் அறிமுகம் வேண்டும்.

தினமும் வேலைக்கு ஓட்டப் போகிறீர்கள், வீட்டில் பட்டறை வைக்க இடமில்லை என்றால், தளம் கெடாத வெஸ்பா வம்சத்து வண்டியை எடுங்கள். பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் லாம்பிரட்டா. நான் அதைத்தான் எடுத்தேன், இன்றும் அதையே எடுப்பேன். உடைவதெல்லாம் கழற்றக்கூடியதாக இருக்கும் வண்டி அது.

பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். பட்டி தடித்திருக்கும் இடத்தில் அது ஒட்டாது. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள், எண் வெட்டிய இடத்தில் வெல்டு தடம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். லாம்பிரட்டா என்றால் எஞ்சினைத் தாங்கும் நீள போல்ட்டுக்கு முந்தின நாளே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வைக்கும்படி உரிமையாளரிடம் கேளுங்கள். அது அசையாமல் இறுகிக் கிடந்தால், விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் இருக்கிறது.