ஹேங்கா லெஃப்டியா? ஹாங்கி டாங்க் கேக்க யார்கிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்

அமெரிக்காவோட பழைய கன்ட்ரி பாட்டு கேக்கலாம்னு உக்கார்ற எல்லாருக்கும் முதல்ல கையில சிக்குறது ஹேங்க் வில்லியம்ஸ்தான், அதுல தப்பே இல்ல, ஆனா 1951ல அதே ஹிட் பாட்டு வரிசைப் பட்டியல்ல (சார்ட்) அவருக்கு சரிக்கு சமமா நின்ன லெஃப்டி ஃப்ரிஸெல்ல பாதி பேர் கேக்காமலே தாண்டிப் போயிடறாங்க. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துற விஷயம்.

ஹாங்கி டாங்க்னா பெருசா ஒண்ணும் இல்லைங்க, டெக்சாஸ் எண்ணெய்க் கிணத்து ஊர் பக்கமெல்லாம் இருந்த ரோட்டோர பார்தான், அங்க ஒலிச்ச கன்ட்ரி பாட்டுக்கும் அதே பேர். பீர், காசு போட்டா பாட்டு பாடற ஜூக்பாக்ஸ், டான்ஸ். அந்தக் கூச்சலைத் தாண்டி காதுல விழணும்னா கிட்டார் எலக்ட்ரிக்கா இருக்கணும், வரிகளும் சுத்தி வளைக்காம குடி, துரோகம், பிரிவுன்னு நேரா வரணும்.

ஹேங்க் அலபாமாக்காரர், 1923ல பிறந்தவர். ரூஃபஸ் பெய்ன்னு ஒரு கருப்பினத் தெருப் பாடகர்கிட்ட சின்ன வயசுல பாடம் கத்துக்கிட்டு, மான்ட்கோமரி ரேடியோவுல பல வருஷம் பாடி, 1946ல நாஷ்வில் போய் பாட்டுப் பதிப்பாளர் ஃப்ரெட் ரோஸைப் பிடிச்சு, 1947ல 'மூவ் இட் ஆன் ஓவர்' மூலமாத்தான் முதல் ஹிட்டையே பாத்தார். நிஜமான வெடி 1949ல 'லவ்சிக் ப்ளூஸ்'. 16 வாரம் நம்பர் ஒன். வேடிக்கை என்னன்னா அது அவர் எழுதின பாட்டே இல்ல, 1922ல வேற ரெண்டு பேர் எழுதினது, ஃப்ரெட் ரோஸுக்கு அது பிடிக்கவும் இல்ல, இவர்தான் பிடிவாதமா ரெக்கார்ட் பண்ணினார். கன்ட்ரியோட பெரிய பாட்டெழுத்தாளர்னு இன்னிக்கும் கொண்டாடுற ஆளைத் தூக்கி விட்டது அடுத்தவன் பாட்டு!

லெஃப்டி கதை அப்படியே உல்டா. 1928ல டெக்சாஸ் கோர்சிகானாவுல பிறந்தவர், 1947ல நியூ மெக்சிகோ ராஸ்வெல்ல ஜெயிலுக்குப் போனப்ப பொண்டாட்டிக்காக எழுதினதுதான் 'ஐ லவ் யூ எ தவுசண்ட் வேஸ்'. அப்புறம் டல்லாஸ்ல ஜிம் பெக் ஸ்டூடியோவுல ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு. பெக் அதை எடுத்துட்டுப் போனது பாடகர் லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் பாடட்டும்னு, ஆனா கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனி தயாரிப்பாளர் டான் லா அந்த டெமோவுல இருந்த குரலையே பிடிச்சுக்கிட்டார். 1950ல முதல் தட்டு, ஒரு பக்கம் 'இஃப் யூ'வ் காட் த மணி', மறுபக்கம் ஜெயில் பாட்டு. ரெண்டு பக்கமும் நம்பர் ஒன், ஆளுக்கு வயசு 22. அடுத்த வருஷம் ஒரே சமயத்துல நாலு பாட்டு டாப் டென்ல. ஆரம்ப வேகம்னு பாத்தா ஹேங்க் கிட்டவே வர முடியாது, சும்மா சொல்லக்கூடாது.

இப்ப குரலுக்கு வருவோம், என் ஓட்டு விழறது இங்கதான். ஹேங்க் குரல் கூரா குத்தும், 'லவ்சிக் ப்ளூஸ்'ல திடீர்னு யோடலுக்கு (அடிக்குரல்ல இருந்து கீச்சுக்குரலுக்கு மாத்தி மாத்திப் பாடறது) தாவுறப்ப குரல் உடையற மாதிரி ஒரு தெறிப்பு. லெஃப்டி 'ஆல்வேஸ் லேட்'ல என்ன பண்றார் பாருங்க, ஸ்டீல் கிட்டார் முடிஞ்சதும் அந்த முதல் 'ஆல்'ல இருக்கற உயிரெழுத்தையே பிடிச்சு இழுத்து, மேல ஏத்தி, கீழ சறுக்கி விட்டு, நம்ம ஊர்ல கமகம்னு சொல்வோமே அந்த மாதிரி ஒரே சொல்லுக்குள்ள நாலஞ்சு ஸ்வரம் தொட்டுட்டு சோம்பேறித்தனமா அடுத்த சொல்லுக்கு வருவார். சத்தமான பார்ல தாலாட்டு பாடற தைரியம்.

எழுத்துல மட்டும் ஹேங்க் பக்கம்தான் நான். 'கோல்ட் கோல்ட் ஹார்ட்'டை டோனி பென்னட் பாப் பாட்டா பாடியும் ஹிட்டாச்சுன்னா வரியும் மெட்டும் எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கணும்.

ரெண்டு பேரும் 1951ல சேர்ந்து டூர் கூட போனாங்க. 1953 ஜனவரி 1 ஹேங்க் 29 வயசுல கார்லயே செத்துப் போனார், அதோட அவர் சாமி ஆயிட்டார். லெஃப்டிக்கு அந்த 'வசதி' கிடைக்கல, ஹிட் வத்திப் போச்சு, 1959ல 'லாங் ப்ளாக் வெய்ல்', 1964ல 'சாகினா மிச்சிகன்'னு அப்பப்ப எட்டிப் பாத்தார், 1975ல 47 வயசுல பக்கவாதத்துல போயிட்டார். கன்ட்ரி இசையோட கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம்ல ஹேங்க் 1961லயே, லெஃப்டி 1982ல.

முதல்ல ஹேங்க்கோட 'லவ்சிக் ப்ளூஸ்' போடுங்க, உடனே 'ஆல்வேஸ் லேட்', மூணாவதா லெஃப்டியைக் கேட்டு வளர்ந்த கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்ட் பாட்டு எதையாவது போடுங்க. மெர்ல் வார்த்தையை மடக்குற இடத்துல காதைத் தீட்டி வச்சுக்கோங்க, உள்ள உக்காந்திருக்கறது லெஃப்டி.