சைட்கார் வண்டியின் முன் பிரேக்கை மாற்றப் போகிறவர்கள், சக்கரத்தை மூடும் முன் உள்ளே பாருங்கள்

என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு பதிவான 350 சிசி புல்லட். மூட்டு தேய்ந்த என் அம்மாவால் பின் இருக்கையில் ஏற முடியாது என்பதால், சில ஆண்டுகளுக்கு முன் வண்டியின் இடப்புறம் சைட்கார் (தனிச் சக்கரத்தோடு பக்கவாட்டில் இணைக்கும் இருக்கைப் பெட்டி) ஒன்றைப் பொருத்திப் பதிவுச் சான்றிலும் ஏற்றினேன். அந்தக் காலத்து 350இல் முன் சக்கரத்துக்கு வரும் ஆறு அங்குல ட்ரம் பிரேக் (சக்கர நடுவிலுள்ள உருளையான ட்ரம்மின் உள்சுவரில், ஷூ எனும் வளைந்த கட்டைகள் உரசி நிறுத்துவது), தனி வண்டியை நிறுத்தவே போதும் போதாததுமாக இருக்கும். சைட்காரின் எடையும் அதில் உட்கார்ந்திருப்பவரின் எடையும் சேர்ந்தபின், நான் பிரேக் கைப்பிடியை நெருக்குவதும் வண்டி தன் போக்கில் போவதும் வேறு வேறு நிகழ்ச்சிகளாகிவிட்டன.

சேலத்தில் பழைய புல்லட்டுகளைப் பிரித்துக் கட்டுவதில் பெயர் எடுத்த ஒரு பட்டறைக்குப் போனேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. 500 சிசி புல்லட்டில் வந்த ஏழு அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக்கை என் முன் ஃபோர்க்கில் பொருத்தலாம் என்றும், ஹப் (ட்ரம் அடங்கிய சக்கர நடுப்பகுதி), பிரேக் பிளேட் (ஷூக்களைத் தாங்கும் தட்டு), ஷூ மூன்றும் புதியவை என்றும், ஸ்போக்ஸ் கட்டும் கூலியோடு 11,500 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். யோசனையில் தவறில்லை, பலரும் செய்துகொள்ளும் மாற்றம்தான் அது. சாதாரண ட்ரம்மில் ஒரே கேம் (திரும்பும்போது ஷூவை வெளியே தள்ளும் துண்டு) இரண்டு ஷூக்களையும் விரிக்கும். அவற்றுள் ஒன்றைத்தான் சுழலும் ட்ரம் தன்னோடு உள்ளிழுத்து இன்னும் இறுக்கும், மற்றதைத் தள்ளிவிடும். இரட்டை லீடிங்கில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனிக் கேம் உண்டு, இரண்டையுமே ட்ரம் உள்ளிழுக்கும். இரண்டு கேம்களின் நெம்புகோல்களையும் வெளியே ஒரு லிங்க் ராடு இணைக்கிறது. என்னை ஏமாற்றிய இடங்களில் அதுவும் ஒன்று.

வண்டியை எடுத்த அன்றே கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கியது. கேட்டதற்கு, "புது லைனிங் சார், ட்ரம்மோட செட் ஆகணும். ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, அப்புறம் நீங்களே சொல்லுவீங்க" என்றார் மூத்த மெக்கானிக். ஷூவின் மேல் ஒட்டும் உரசு பட்டைதான் லைனிங். அது புதிதாக இருந்தால் படிய நாளாகும் என்பது உண்மையே ஆதலால் நம்பினேன். பாதி உண்மையை வைத்துத்தான் முழுப் பொய்யைச் சொல்கிறார்கள்.

நானூறு கிலோமீட்டர் ஓடியபின், அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் ஏறும்போது, முன்னால் நின்ற பேருந்துக்குப் பின்னால் நிறுத்தினால், முன் பிரேக்கை எவ்வளவு பிடித்தும் வண்டி பின்னோக்கி உருண்டது. சக்கரம் பின்பக்கமாகச் சுழலும்போது இரட்டை லீடிங்கின் இரண்டு ஷூக்களுமே தள்ளப்படும் ஷூக்களாகிவிடும். பழைய ஆறு அங்குல பிரேக்கில் எந்தத் திசையிலும் ஒரு ஷூவாவது பிடிக்கும். ஆகவே அந்த உருளலை முழுவதும் பட்டறையின் கைவேலைப் பிழை என்று நான் சொல்லவில்லை. சைட்கார் கட்டிய வண்டி என்று தெரிந்தும் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டார்களே என்பதுதான் என் குறை.

இறங்கும்போது நடந்ததற்கு அந்தச் சமாதானமும் கிடையாது. இரண்டாம் கியரில் எஞ்சினைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அப்படியும் பாதி மலை தாண்டுவதற்குள் லைனிங் கருகும் வாடை வந்தது, கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொட்டது. பின் பிரேக்கை மட்டும் நம்பி, அம்மாவிடம் எதையும் சொல்லாமல், அடிவாரம் வரை மாட்டு வண்டி வேகத்தில் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் சக்கரத்தைக் கழற்றினோம். ஏழு அங்குல ட்ரம்மின் உள்விட்டம் 178 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது என்னுடையது 180ஐத் தாண்டியிருந்தது. புதியது என்று பில் போட்ட ஹப், பலமுறை கடைந்து வெளியே பாலிஷ் மட்டும் ஏற்றிய பழைய ஹப். ஷூக்களின் கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் பழைய ரிவெட் துளைகள் தெரிந்தன. அவற்றின் மேல் புது லைனிங்கை ஒட்டியிருந்தார்கள். ட்ரம்மின் வட்டம் பெரிது, லைனிங்கின் வளைவு சிறிது என்பதால், ஒரு ஷூ நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டுமே உரசியிருந்தது. மற்ற ஷூவின் மேல் வைத்திருந்த சாக்குக்கட்டிக் கோடு நானூறு கிலோமீட்டருக்குப் பிறகும் அழியாமல் இருந்தது. லிங்க் ராடின் நீளத்தைச் சரிசெய்யாததால் அந்த ஷூவுக்குரிய கேம் அதை ட்ரம் வரை தள்ளவே இல்லை. இரட்டை லீடிங்குக்குப் பணம் கொடுத்து, ஒற்றை ஷூவில், அதிலும் அதன் நடுப்பகுதியில், மலை இறங்கியிருக்கிறேன்.

இந்த வேலையைச் செய்யக் கொடுப்பவர்கள் ஹப்பில் ஸ்போக்ஸ் கட்டும் முன்பே ட்ரம்மின் உள்விட்டத்தை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். ட்ரம் கடைந்ததாக இருந்தால், லைனிங்கைக் கனமாக ஒட்டி, அந்த ட்ரம்மின் வளைவுக்கே லேத்தில் கடைய வேண்டும். லைனிங் முழுக்கச் சாக்குக்கட்டி தடவி, சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் பிடித்துத் திறந்து பார்த்தால், எங்கே உரசுகிறது என்பது தெரிந்துவிடும். லிங்க் ராடைக் கழற்றி, இரண்டு நெம்புகோல்களையும் தனித்தனியே ஷூ ட்ரம்மைத் தொடும் வரை இழுத்து, அந்த நிலையில் உள்ள இடைவெளிக்கு ராடின் நீளத்தை வைத்து லாக் நட்டை இறுக்க வேண்டும். பிறகு ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி இறுக்கினால் பிளேட் நடுவில் வந்து உட்காரும். பதினைந்து நிமிட வேலை. என் பட்டறையில் அதைக்கூடச் செய்யவில்லை.

இன்னொன்றையும் எந்தப் பட்டறையும் தானாகச் சொல்லாது. சைட்கார் சக்கரத்தில் பிரேக் இல்லையென்றால், பிரேக் பிடிக்கும்போது சைட்கார் தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். இடப்புறம் சைட்கார் கட்டிய நம் வண்டிகள் வலப்புறம், அதாவது எதிரே வரும் வாகனங்களின் பக்கம், திரும்பும். முன் பிரேக் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க இந்த இழுப்பும் கூடும். வெறும் சாலையில் பழகிய பிறகே ஆளை ஏற்றுங்கள்.

ஷூக்களோடு பட்டறைக்குத் திரும்பப் போனேன். ஹப் புதியதுதான் என்று சாதித்தார்கள். நான் பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்காததால், ஆறு அங்குல ஹப்பும் என்னிடம் இல்லை, அதை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் ஷூக்களுக்கான 1,400 ரூபாயை மட்டும் கொடுத்தார்கள். இப்போது வேறு ஹப் வாங்கி, லேத் பட்டறைக்காரர் கடைந்து கொடுத்த ஷூக்களோடு வண்டி ஓடுகிறது. சைட்கார் சக்கரத்துக்கும் ஒரு பிரேக் அமைத்த பிறகே அம்மாவை மறுபடி ஏற்காட்டுக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன்.